அவரா, அதுவா?

சென்ற ஆனி மாதத்தில் ஒருநாள் காலை, புரூஃப் கட்டு ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சிறுவர்களுக்காக நான் எழுதிக் கொடுத்திருந்த சிறிய அகராதி அது. புராணங்களிலும் கதைகளிலும் கோயில் தூண்களிலும் மட்டுமே வாழ்கிற பிராணிகளை அகர வரிசைப்படி நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு வரியில் விவரம் சொல்லும் புத்தகம். இசையைக் கேட்டு மயங்கிப் பறையைக் கேட்டு உயிரை விடும் அசுணத்தில் தொடங்கி, வேதாளத்தில் முடியும். நாவல் எழுதுகிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்பீர்கள். நாவல் எழுதியே வீட்டு வாடகை கொடுத்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று நானும் பதிலுக்குக் கேட்கலாம். அதை விடுங்கள்.

ஜடாயுவின் பக்கத்து ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது. 'இப்பக்கத்தில் சடாயு மூன்று இடத்தில் அவர், இரண்டு இடத்தில் அது, ஓரிடத்தில் அவன். ஒன்றை முடிவு செய்க.'

எழுதியவர் புலவர் ஐயா. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். அந்தப் பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்க்கிறவர். ஜடாயுவைச் சடாயுவாக்கி வரிசையில் முன்னே கொண்டுபோனதும் அவர் கைங்கரியந்தான். அவர் பிழை என்று வட்டம் போட்டால் அது பிழைதான் என்று நான் பழகிவிட்டேன். கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான். நன்னூலில் பாதிகூடத் தாண்டாதவன்.

குறிப்பைப் படித்தபின் என் வாக்கியங்களை நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். வேடிக்கையாக இருந்தது. ஜடாயு பறந்து வருகிறபோது 'வந்தது' என்று எழுதியிருக்கிறேன். இராவணனைத் தடுத்துப் புத்தி சொல்லும்போது 'சொன்னார்'. சண்டை மும்முரத்தில் ஓரிடத்தில் 'பாய்ந்தான்'. சிறகு வெட்டுண்டு 'விழுந்தது'. இராமனிடம் செய்தியைச் சொல்லி 'உயிர் நீத்தார்'. சிறகு கண்ணில் பட்டால் அது. வாய் திறந்தால் அவர். எழுதும்போது இப்படி ஒரு பாகுபாடு செய்கிறோம் என்ற நினைவே எனக்கு இல்லை.

இங்கிலீஷில் எழுதுகிறவனுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. சுட்டுப்பெயர் ஒன்றை மாற்றினால் வேலை முடிந்தது. வினைச்சொல் அசையாமல் இருக்கும். நமக்கோ வாக்கியத்தின் கடைசி எழுத்து வரை ஆள் யார் என்று சொல்லித் தீரவேண்டும். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. பெயரைச் சொல்லாமல் விட்டாலும் வினை காட்டிக் கொடுத்துவிடும். கிப்ளிங்கின் கருஞ்சிறுத்தை பகீரா மூலத்தில் ஆண். ரஷ்ய மொழியில் பெண்ணாகிவிட்டது. அந்தப் பெயரும், சிறுத்தையைக் குறிக்கும் அவர்கள் சொல்லும் பெண்பாலாகவே ஒலிப்பதுதான் காரணம் என்கிறார்கள். ஒரு தலைமுறைக் குழந்தைகள் அதைத் தாய் மாதிரி நினைத்து வளர்ந்தார்கள். ஒரு விகுதி செய்கிற வேலை அவ்வளவு.

முதலில் தப்பித்துக்கொள்ளத்தான் பார்த்தேன். வினைமுற்றே வராமல் எழுதிவிட்டால் என்ன? 'சடாயு: அருணனின் மகன், சம்பாதியின் தம்பி, தசரதனின் நண்பன், சீதையை மீட்கப் போராடி உயிர் நீத்த கழுகரசன்.' நன்றாகத்தான் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் இந்தச் சங்கடமே கிடையாது. ஒரு சொல்லுக்குப் பொருளாக இன்னொரு சொல்லை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் நான் எழுதியது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு. இருபது உருப்படி இந்த மாதிரி எழுதியதும் என் மகளிடம் கொடுத்தேன். "இது ரேஷன் கார்டு மாதிரி இருக்குப்பா" என்றாள். கதை சொல்லாமல் ஜடாயுவைச் சொல்ல முடியாது. கதை சொன்னால் விகுதி வந்துவிடும்.

எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம் என்று ஒருநாள் தரமணிக்குப் போனேன். மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் போகிறவனுக்குத் தரமணி இரண்டு ஊராகத் தெரியும். ராஜீவ் காந்தி சாலையில் நின்றால் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள். கழுத்தில் அட்டை தொங்க இளைஞர்கள். சாலையை விட்டு உள்ளே திரும்பினால் பாலிடெக்னிக், திரைப்படக் கல்லூரி, 1970-ல் தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், மரங்கள். அந்த உள் தரமணியில்தான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்கள். அவர் 1992-ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. வாங்கியும் கடல் கடத்தாமல், 1994-ல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. அந்தப் புண்ணியத்தில் என்னைப் போன்றவன் பஸ் டிக்கெட் செலவில் பழைய புத்தகங்களைப் பார்க்க முடிகிறது.

நான் தேடிப் போனது அபிதான சிந்தாமணி. சென்னைப் பச்சையப்பன் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் ஆ. சிங்காரவேலு முதலியார் ஒற்றை ஆளாகத் தொகுத்து, பாண்டித்துரைத் தேவரின் ஆதரவில் மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910-ல் வெளியிட்ட பெரும் புத்தகம். தேவர், அசுரர், ரிஷிகள், அரசர், பறவை, மரம், நோய், மருந்து எல்லாரும் எல்லாமும் ஒரே அகர வரிசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். 'நிற்பார்கள்' என்று எழுதிவிட்டேன், பாருங்கள். மரத்தையும் நோயையும் சேர்த்து 'நிற்பார்கள்' எனலாமா என்று புலவர் ஐயா கேட்பார்.

வாசிப்பு அறையில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டப் புரட்ட எனக்கு ஒன்று புலப்பட்டது. புராணத்து ஆசாமி யாரானாலும் இந்த மாதிரிப் புத்தகங்களில் அறிமுகம் ஒரே தினுசாகத்தான் ஆரம்பிக்கும்: இன்னாருக்கு இன்னாரிடம் பிறந்தவன். தகப்பன் பெயர் வந்ததோ இல்லையோ, அடுத்த வாக்கியத்தில் 'இவன்' வந்துவிடும். கோயில் தூணில் நிற்கிற யாளிக்குத் தகப்பன் யார்? யாரும் இல்லை. எனவே அது. நளனுக்குத் தூது போன அன்னம் மணிக்கணக்காகப் பேசும். குலம் கோத்திரம் தெரியாது, எனவே அது. கருடனுக்குக் காசிபர் தகப்பனார், வினதை தாயார், எனவே அவன். ஜடாயுவின் தகப்பன் அருணன், கருடனுக்குத் தமையன். சரி, அவனே. வாலிக்கு இந்திரன், சுக்கிரீவனுக்குச் சூரியன், அனுமனுக்கு வாயு.

ஆகா, விதி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக் கொண்டே வெளியே வந்து டீ குடித்தேன். டீ ஆறுவதற்குள் விதி உடைந்துபோயிற்று. காசிபருக்கு வினதை மட்டுமா மனைவி? கத்ருவின் வயிற்றில் பிறந்த நாகங்களும் அவர் பிள்ளைகள்தாம். பசுக்களுக்கும் பறவைகளுக்கும் நாலுகால் விலங்குகளுக்கும்கூட அவரையே மூலபுருஷராகக் காட்டுகிறார்கள். தகப்பன் பெயர்தான் கணக்கு என்றால் டீக்கடைக்காரர் விரட்டிக்கொண்டிருந்த காக்கையும் உயர்திணையாகிவிடும்.

அன்று மாலையே புலவர் ஐயாவின் வீட்டுக்குப் போனேன். திண்ணை இல்லாத அடுக்குமாடி வீட்டில் திண்ணைபோல் ஒரு பெஞ்சியைப் போட்டு அதில்தான் உட்கார்ந்திருப்பார்.

"தம்பி, நீங்கள் ஏன் சிகாகோ வரைக்கும் போகிறீர்கள்? நன்னூலார் சொல்லியிருக்கிறாரே" என்றார். மக்கள், தேவர், நரகர் மூவரும் உயர்திணை. மற்ற உயிருள்ளது, உயிரில்லாதது எல்லாம் அஃறிணை.

"அப்படியானால் இந்திரனுக்குப் பிறந்த குரங்கு, ஐயா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தொல்காப்பியத்துக்குப் போனார். தொல்காப்பியர் மக்கள் என்று கருதப்படுவதையே உயர்திணை என்கிறார். தெய்வங்களுக்கென்று தனி விகுதி எதுவும் தமிழில் கிடையாது. மக்களுக்கு உள்ள விகுதியைத்தான் அவையும் கடன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு. இதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. தெய்வமே இரவல் விகுதியில் நடமாடுகிறபோது கழுகு வாங்கிக்கொண்டால் என்ன? ஆனால் அவர் அடுத்ததையும் சொன்னார். காலம், உலகம், உயிர், ஞாயிறு, திங்கள் என்று பத்துச் சொற்களை அடுக்கி, இவை உயர்திணைப் பொருளில் வந்தாலும் அஃறிணை வினையே கொள்ளும் என்று ஒரு சூத்திரம் உண்டாம். அந்தப் பத்தில் பூதமும் இருக்கிறது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டால் அது அன்றும் 'புறப்பட்டது'தான், இன்றும் 'புறப்பட்டது'தான். பேசுகிறதைக் கொண்டும் தீர்மானிக்க முடியாது. அஃறிணைப் பொருள்கள் கேட்பதுபோலவும் பேசுவதுபோலவும் சொல்லலாம், அதனால் அவை உயர்திணையாகிவிடா என்பதும் அவர் தீர்ப்பு. அம்புலிமாமாவில் வேதாளம் எத்தனை வருஷம் விக்கிரமாதித்தன் தோளில் ஏறித் தர்ம சாஸ்திரம் கேட்டது! ராஜாவையே வாயடைக்க வைத்த பிராணிக்கு ஒரு 'அவர்' கிடைக்கவில்லை.

இதில் வாலியின் வழக்குத்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வான்மீகியின் இராமன், அம்பு பட்டு விழுந்துகிடக்கிற வாலியிடம் இரண்டு நியாயம் சொல்கிறான். தம்பி மனைவியைக் கவர்ந்தாய், அதற்கு அரச தண்டனை என்பது ஒன்று. நீ குரங்கு, வேட்டையில் விலங்கை மறைந்து நின்று அடிப்பது வழக்கந்தானே என்பது மற்றொன்று. முதல் நியாயத்தில் வாலி அவன், இரண்டாவதில் அது. புலவர் ஐயா அந்தப் பக்கத்தின் மெய்ப்பைப் பார்த்திருந்தால் சிவப்பு மை தீர்ந்துபோயிருக்கும். கம்பன் இதைக் கவனித்துவிட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவனுடைய காவியத்தில் 'நாங்கள் குரங்குகள், எங்களுக்கு மனிதரின் மண நெறி கிடையாது' என்று வாதாடுகிறவன் வாலி. அதை மறுக்கிறவன் இராமன். நல்லது கெட்டது தெரியாவிட்டால் மனிதரும் விலங்குதான், தெரிந்து நடந்தால் விலங்கும் தேவர்தான் என்கிறான். சான்றாக, ஆதிமூலத்தை அழைத்த யானையையும் நம்முடைய ஜடாயுவையும் கூப்பிடுகிறான். கேட்க உயர்வாகத்தான் இருக்கிறது. ஆனால் வாலியை உயர்திணைக்கு ஏற்றியது, ஏற்றினால்தான் தண்டிக்க முடியும் என்பதற்காக. மரியாதை எல்லாச் சமயத்திலும் லாபமில்லை.

ஜடாயுவுக்கு வருகிறேன். தசரதன் இறந்தபோது இராமன் காட்டில் இருந்தான். தகப்பனுக்குச் செய்ய முடியாமல்போனதைக் கழுகுக்குச் செய்தான். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருப்புட்குழி என்ற ஊரில், அது நடந்த இடம் இதுதான் என்று இன்றைக்கும் குளத்தைக் காட்டுவார்கள். "தர்ப்பையைப் பிடித்துக்கொண்டு கொள்ளி வைத்தாயிற்று. அப்புறமும் 'இறந்தது' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, ஐயா" என்றேன்.

"அப்படியானால் எல்லா இடத்திலும் அவர் என்று போடுங்கள். பறக்கும்போதும் அவர். வெட்டுண்டு விழும்போதும் அவர். நடுவில் மாறக்கூடாது. அகராதி என்பது ஒப்பாரி அல்ல, தம்பி. நினைத்த இடத்தில் குரலை மாற்றுவதற்கு."

ஒப்பாரி என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் எங்கோ பட்டுவிட்டது.

எனக்கு அடுத்து ஒரு தங்கை இருந்தாள். பிறந்ததிலிருந்து நடக்கவில்லை, பேசவில்லை. பதினொரு வயது வரை இருந்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில், வாயில் கல் உருண்டையோடு ஒரு யாளி உண்டு. அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த யாளியின் முன்னால் நிற்பாள். உருண்டையைத் தங்கையின் விரலால் உருட்டினால் ஒரு சிரிப்பு வரும். அவள் சிரித்துப் பார்த்தது அந்த ஓரிடத்தில்தான் அதிகம்.

எங்கள் வீட்டில் அவள் பெயர் 'அது'. அது சாப்பிட்டுச்சா, அது தூங்குதா, அதுக்குக் காய்ச்சல் இருக்கா. குழந்தைகளை அப்படித்தான் எல்லா வீட்டிலும் சொல்கிறோம், தப்பில்லை. ஆனால் மற்றக் குழந்தைகள் ஒரு வயதில் அந்தப் படியைத் தாண்டி ஏறிவிடும். என் தம்பி பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று 'அவன்' ஆகிவிட்டான். தங்கை கடைசி வரை ஏறவில்லை. அவள் இறந்த அன்று அப்பா எங்கள் மாமாவுக்குப் போனில் சொன்னார்: "அது போயிடுச்சு." கதவோரத்தில் நின்று கேட்டேன். எனக்குப் பதினான்கு வயது. முப்பது வருஷமாக அந்த வார்த்தையை அப்பாவின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். என் முதல் நாவலில் வருகிற கல்மனசுத் தகப்பனை வாசகர்கள் பலர் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அந்தத் தகப்பன் யார் என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் ஒன்றும் கேட்காமலே போய்ச் சேர்ந்தார்.

புலவர் ஐயா வீட்டிலிருந்து திரும்பிய இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். யாளியைப் பற்றிக் கேட்கிற சாக்கில் தங்கையைப் பற்றிக் கேட்டேன். ஏன் எல்லாரும் அவளை அது, அது என்றோம் என்று.

"வேற எப்படிச் சொல்றது?" என்றாள் அம்மா. "நானும் அப்படித்தானே சொல்லுவேன். அவ, இவன்னு சொன்னா யாரோ அடுத்த வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கும். அது என் இடுப்பை விட்டு இறங்கலயே, தம்பி."

நான் பேசாமல் இருந்தேன். அவளாகவே சொன்னாள். "அன்னிக்கு மாமாவுக்குப் போன் பேசிட்டுக் கொல்லைப் பக்கம் போனவரு, ராத்திரி வரைக்கும் உள்ளே வரல. உன்னைத்தான் அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டோமே, உனக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் புலவர் ஐயாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நன்னூலில் ஒரு சூத்திரம் சொன்னார். திணையும் பாலும் மாறி வரலாம் என்று அனுமதிக்கிற சூத்திரம். பசுவை அம்மா வந்தாள் என்பதும், பிள்ளையைப் பார்த்துக் கண்மணி வந்துவிட்டது என்பதும் அதன்படிதான். மாறுவதற்கு ஐந்து காரணம் உண்டு: மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு. மகிழ்ச்சியும் இழிவும் ஒரே சூத்திரத்தில். எது எதனால் வந்தது என்பது சொன்னவனுக்குத்தான் தெரியும். கதவோரத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. இதை அவர் சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வருகிற வழியில் நினைத்துக்கொண்டது.

அகராதி வேலையை ஒரு வாரத்தில் முடித்தேன். ஒருவருக்கு ஒரு விகுதிதான். பதிவு முடிகிற வரை மாறாது. அதில் புலவர் ஐயா சொன்னதே சட்டம். எது யாருக்கு என்பதை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். கதைக்குள்ளே நெருக்கமாகப் பழகினவர்கள் எப்படி நடத்தினார்களோ அப்படி. இராமன் தகப்பனாக நடத்தினான், ஆகையால் ஜடாயு அவர். வாலி அவன், அவனே வேண்டாம் என்று வாதாடினாலும் அவன். கருடனுக்குக் கொஞ்சம் தகராறு. கும்பாபிஷேகத்தின்போது மேலே வட்டமிட்டால் கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டு 'கருடன் வந்தது' என்கிறது. உற்சவத்தில் வாகனமாகப் புறப்பட்டால் 'கருடாழ்வார் வந்தார்' என்கிறது. வானத்துப் பறவையைத் தள்ளிவிட்டுப் புராணத்துக் கருடனுக்கு மட்டும் பதிவு எழுதித் தப்பித்தேன். அனுமாருக்கு அவர் தவிர வேறு போட்டால் என் தெருவில் நான் குடியிருக்க முடியாது. அசுணமும் யாளியும் அன்னமும் பூதமும் வேதாளமும் அது. முன்பு அவற்றுக்கு அது போடும்போதெல்லாம் ஏதோ அநியாயம் செய்கிற மாதிரி இருந்தது. இந்தத் தடவை அப்படி இல்லை.

முன்னுரையைக் கடைசியாக எழுதினேன். இந்தப் பிராணிகளில் எனக்கு ஆசை உண்டானது எங்கள் ஊர் யாளியைப் பார்த்து என்று சொல்லும்போது தங்கையைப் பற்றியும் இரண்டு வரி வந்துவிட்டது. கல் உருண்டையை உருட்டினால் அது சிரிக்கும் என்றும், அவள் விரல் பட்டுப் பட்டே அந்த உருண்டை வழவழப்பாகிவிட்டதோ என்று நான் நினைத்துக்கொள்வேன் என்றும் எழுதியிருந்தேன்.

புரூஃப் திரும்பி வந்தது. இரண்டு சொற்களுக்கும் சிவப்பு வட்டம். 'ஒரே வாக்கியத்தில் அது, அவள் இரண்டும் வருகின்றன. ஒன்றை முடிவு செய்க.'

ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.